படத்தில் இருக்கும் சீனப் பெரியவர் நிஜ அதிகாரியா, காசு கொடுத்து வாங்கிய பதவியா?

கேள்வி: லெபோ பசார் சட்டக்காரன், ஜார்ஜ் டவுன், பினாங்கு

வணக்கம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் பெயரைப் பார்த்து வழக்கறிஞர் என்று நினைத்து நிலத் தகராறைப் பற்றி எழுதாதீர்கள். போன ஆண்டு இரண்டு பேர் எழுதினார்கள். நான் போடுவது படச் சட்டம். முப்பத்தொரு ஆண்டுகளாக முருகனுக்கும் லட்சுமிக்கும், மாலை போட்ட தாத்தா பாட்டிகளுக்கும் மரச்சட்டம் அடித்துக்கொண்டிருக்கிறேன். சீன வாடிக்கையாளர்களும் உண்டு. அவர்கள் கொண்டுவரும் படங்கள் பெரியவை, கனமானவை, பெரும்பாலும் கரையான் தின்றவை.

சென்ற வாரம் ஒரு நோன்யா ஆண்ட்டி (இங்கேயே வேரூன்றிய சீனக் குடும்பத்துப் பெண்மணி) வந்தார். வயது எழுபத்தெட்டு. பத்திக் துணியில் சுற்றிய ஒரு படத்தைப் பேரன் தூக்கிவந்து மேசையில் வைத்தான். அவருடைய பூட்டனார் படம். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். கருநீல மேலங்கி, கழுத்தில் தொப்புள் வரை தொங்கும் மணிமாலை, மார்பில் சதுரமாக ஒரு தையல் வேலைப்பாடு. அந்தச் சதுரத்துக்குள் மேகங்களுக்கு நடுவே ஒரு வாத்து, சிறகை விரித்துக்கொண்டு. தலையில் கூம்புத் தொப்பி, உச்சியில் நீலக் குமிழ். பளபளப்பில்லாத நீலம், நம் வீட்டுச் சலவை நீலத்தைக் கட்டியாகப் பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி. முகத்தை வரைந்தவரும் உடையை வரைந்தவரும் ஒரே ஆள் இல்லை என்று என் கண்ணுக்குப் படுகிறது. முகத்தில் ஒவ்வொரு சுருக்கமும் தெரிகிறது. கையைப் பார்த்தால் மாவில் பிடித்துவைத்த கொழுக்கட்டை.

ஆண்ட்டி சின்ன வயதிலிருந்து ஒவ்வொரு சீனப் புத்தாண்டுக்கும் இந்தப் படத்தின் முன் ஊதுவத்தி ஏற்றி வணங்கியவர். சீனப் பேரரசரிடம் பெரிய அதிகாரியாக இருந்தவர் என்று வீட்டில் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். சிங்கப்பூரில் படிக்கும் பேரன் இந்த முறை வந்தபோது, "பாட்டி, அவர் அரிசி வியாபாரி. பதவியைக் காசு கொடுத்து வாங்கியிருப்பார், எல்லாம் பொய்" என்று சொல்லிவிட்டானாம். என் கடையில் வைத்தே மறுபடியும் சொன்னான். ஆண்ட்டி ஒன்றும் பேசவில்லை. அவன் வண்டியை எடுக்கப் போனதும் என்னிடம் கேட்டார்: "அண்ணே, நீ எவ்வளவோ படம் பார்த்திருக்கிறாய். இவர் நிஜமா, பொய்யா?" ஆங்கிலக் கான்வென்ட்டில் படித்தவர், சீன எழுத்துத் தெரியாது. குலச் சங்கத்தில் போய்க் கேட்டால் ஊரெல்லாம் பரவிவிடும் என்கிறார்.

எனக்கு மரம் தெரியும், கண்ணாடி தெரியும், பூஞ்சை தெரியும். சீன அரசாங்கம் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பின்பக்க அட்டையைப் பிரித்தபோது உள்ளே சீனச் செய்தித்தாள் ஒட்டியிருந்தது. அதையும் படம் பிடித்து இணைத்திருக்கிறேன்.

பதில்: பட்டர்வொர்த் டீச்சர்

சீனத் தொடக்கப் பள்ளியில் ஆறு ஆண்டுகள் படித்து, பிறகு இடைநிலைப் பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது சாதாரண வாத்து இல்லை, காட்டு வாத்து. இந்த வித்தியாசத்தில்தான் விஷயமே இருக்கிறது.

சீனாவைக் கடைசியாக ஆண்ட சிங் வம்சத்தின் அரசில் அதிகாரிகளுக்கு ஒன்பது படிநிலை. குடிமை அதிகாரி என்றால் மார்பில் பறவை, படை அதிகாரி என்றால் விலங்கு. பறவைகளில் முதல் படிக்கு நாரை, மூன்றாவதுக்கு மயில், நான்காவதுக்குக் காட்டு வாத்து, ஏழாவதுக்கு மாண்டரின் வாத்து, எட்டாவதுக்குக் காடை. ஏழாவதாக இருந்தால் தொப்பிக் குமிழ் பொன்னிறமாக இருக்க வேண்டும். நீங்கள் சொல்லும் மங்கலான நீலம் நான்காம் படிக்கு உரியது. மூன்றாவதுக்கு ஒளி ஊடுருவும் நீலம். அந்த மணிமாலையையும் குடிமை அதிகாரிகளில் ஐந்தாம் படிக்குக் கீழே உள்ளவர்கள் அணியக் கூடாது. மாலையில் 108 மணி. பறவை, குமிழ், மாலை மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. வரைந்தவருக்கு விதி தெரிந்திருக்கிறது, அல்லது வரையச் சொன்னவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஆனால் விதிப்படி வரைந்திருப்பதால் மட்டும் அவர் பதவியில் இருந்தார் என்று ஆகிவிடாது. நிஜமாகப் பதவியில் அமர்ந்த அதிகாரி பினாங்கில் அரிசி மூட்டை எண்ணிக்கொண்டிருக்க முடியாது. தேர்வு எழுதி வருகிறவன் முதலில் மாவட்ட அளவில் தேற வேண்டும், பிறகு மூன்றாண்டுக்கு ஒரு முறை நடக்கும் மாகாணத் தேர்வு, அதற்குப் பிறகு தலைநகரத் தேர்வு, கடைசியில் அரண்மனைத் தேர்வு. தலை நரைத்த பிறகும் எழுதிக்கொண்டே இருந்தவர்கள் ஏராளம். அந்தத் தேர்வு முறையை 1905இல் ஒழித்தார்கள். தேறிப் பதவி கிடைத்தாலும் சொந்த மாகாணத்தில் வேலை கிடையாது. ஃபூச்சியன்காரர் ஃபூச்சியனில் நீதி சொல்லக் கூடாது. உறவினர்கள் வாசலில் வந்து நிற்பார்கள் என்பதற்காகவே அப்படி ஒரு சட்டம். சொந்த மாகாணத்தையே நம்பி ஒப்படைக்காத அரசு அவரைப் பினாங்குக்கு அனுப்பி மளிகைக் கடை வைக்கச் சொல்லியிருக்காது.

ஆகவே பேரன் சொன்னதில் பாதி சரி. பதவிப் பெயரை அரசே விற்றது. அது கள்ளத்தனமாக நடந்த வேலை இல்லை. விலைப்பட்டியல் இருந்தது, ரசீது இருந்தது. பணம் கட்டியவருக்கு வருவாய் அமைச்சு சான்றிதழ் கொடுத்தது. சீனாவில் எழுந்த தைப்பிங் கலகத்தை அடக்கப் பணம் தேவைப்பட்ட 1850களுக்குப் பிறகு இந்த விற்பனை வெள்ளமாகப் பெருகியது. பஞ்ச நிவாரணத்துக்கு நிதி, பிரான்சுடன் போருக்கு நிதி என்று ஒவ்வொரு நெருக்கடியிலும் தென்கடல் சீனர்களிடம், அதாவது நம் பக்கம் குடியேறிய சீனர்களிடம், கையேந்தினார்கள். பெரும்பாலும் வெறும் பட்டம்தான்: உடை உண்டு, குமிழ் உண்டு, நாற்காலி கிடையாது. 1901இல் உண்மையான பதவிகளின் விற்பனையை நிறுத்தினார்கள், வெறும் பட்டங்கள் அதற்குப் பிறகும் விற்றன.

செய்தித்தாளைப் பற்றி. பெயர் இருந்த பகுதி கிழிந்துவிட்டது, ஆனால் ஓரத்தில் தேதி இருக்கிறது. "சீனக் குடியரசு 9ஆம் ஆண்டு." அதனுடன் 1911ஐக் கூட்டுங்கள், 1920. கடைசிப் பேரரசர் முடி துறந்தது 1912 பிப்ரவரி 12. அரசு போய் எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு யாரோ இந்தப் படத்துக்குச் சட்டம் போட்டிருக்கிறார்கள். உங்களுக்கு முன்னால் உங்கள் வேலையைச் செய்த ஆள்.

பதில்: செந்தூல்காரன், கோலாலம்பூர்

இவ்வளவு நீளமாக எழுத என்ன இருக்கிறது? காசு கொடுத்து வாங்கினால் அது போலிதான். இன்றைக்கும் எந்தச் சுல்தானும் கொடுக்காத டத்தோ பட்டத்தோடு கல்யாண மேடையில் முதல் வரிசையில் உட்காருகிறவர்களை நாம் பார்ப்பதில்லையா? ஆண்ட்டியிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள், சட்டக்காசை வாங்கிக்கொள்ளுங்கள்.

பதில்: லெபோ பசார் சட்டக்காரன்

செந்தூல் தம்பி, எழுபத்தெட்டு வயதுப் பெண்மணியிடம் "உங்கள் பூட்டனார் போலி" என்று சொல்லிவிட்டு அதே கையால் காசு வாங்க எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்தால் கடைக்கு வாருங்கள், சொல்லும் வேலையை உங்களிடம் கொடுக்கிறேன்.

டீச்சர், மணிகளை எண்ணினேன். கண்ணுக்குத் தெரிவது 61. மீதி முதுகுப் பக்கம் போயிருக்கலாம். 1920இல் சட்டம் போட்டவர் நல்ல வேலைக்காரர். மூலைகளை ஆணியில்லாமல் கொளுவி இணைத்திருக்கிறார்.

பதில்: ஓய்வு பெற்ற குமாஸ்தா, கோலாலம்பூர்

நாற்பது ஆண்டுகள் வழக்கறிஞர் அலுவலகத்தில் கோப்பு அடுக்கியவன் நான். செந்தூல் தம்பிக்கு ஒரு திருத்தம். டத்தோ ஒப்புமை பொருந்தாது. போலிப் பட்டம் என்றால் கொடுக்க உரிமையில்லாதவன் கொடுப்பது. இங்கே விற்றது அரசாங்கமே. விற்றவன் வெட்கப்படாதபோது வாங்கியவன் மட்டும் ஏன் வெட்கப்பட வேண்டும்?

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தப் பெரியவர் ஊரைவிட்டுப் புறப்பட்டபோது சிங் சட்டப்படி அவர் குற்றவாளி. அனுமதியில்லாமல் கடல் கடப்பது சட்டத் தொகுப்பிலேயே குற்றமாக இருந்தது. 1717இல் காங்ஷி பேரரசர் தென்கடல் வாணிகத்தையே தடை செய்தார். 1727இல் தடையைத் தளர்த்தினார்கள், ஆனால் வெளிநாட்டிலேயே தங்கிவிட்டவர்கள் மீதான சந்தேகம் போகவில்லை. சென் யீலாவ் என்று ஒருவர். பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) டச்சுக்காரர்களிடம் கப்பித்தானாக, அதாவது சீனர்களின் தலைவராக, இருந்தவர். சம்பாதித்த சொத்தோடும் அங்கே ஏற்பட்ட குடும்பத்தோடும் 1749இல் ஃபூச்சியனுக்குத் திரும்பினார். கைது செய்தார்கள், சொத்தைப் பறிமுதல் செய்தார்கள், தொலைதூர எல்லைக்குத் துரத்தினார்கள். ஊர் திரும்பியதற்குக் கிடைத்த பரிசு அது. கடல் கடந்தால் தீட்டு என்று நம் பாட்டன்மாரை ஊரில் ஒதுக்கிவைத்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். சென் யீலாவ் கதையைப் படித்த பிறகு அதெல்லாம் எனக்குச் சில்லறையாகத் தெரிந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாரும் அந்தச் சட்டத்தை மதிக்கவில்லை. துறைமுகத்துக்குத் துறைமுகம் கப்பல் ஏறிக்கொண்டே இருந்தார்கள். ஆனால் சட்டம் ஏட்டில் இருந்தது. ஊர் திரும்புகிறவனைப் பிடித்து மிரட்டிப் பணம் பறிக்க உள்ளூர் அலுவலர்களுக்கும் சொந்தக்காரர்களுக்கும் அது போதுமே. சிங்கப்பூரில் தலைமைத் தூதராக இருந்த ஹுவாங் ட்சுன்ஷியான் இந்தக் கொடுமையை அறிக்கையாக எழுதினார். லண்டனில் இருந்த தூதர் ஷுவே ஃபூசெங் அதைப் பேரரசருக்கு எடுத்துச் சொன்னார். 1893இல்தான் அந்தத் தடையை முறைப்படி நீக்கினார்கள்.

அதே 1893இல் பினாங்கில் சிங் அரசு துணைத் தூதரை நியமித்தது. யாரை? லீத் தெருவில் நீல மாளிகை கட்டிய சியோங் ஃபாட் ட்சேயை. குவாங்டொங்கிலிருந்து ஏழையாகப் பத்தாவியாவுக்குக் கப்பல் ஏறிய ஹக்கா சீனர். அவரும் பழைய சட்டப்படி ஓடிப்போனவர்தான்! தேர்வு எழுதியவர் இல்லை, வியாபாரி. பினாங்கில் அவருக்குப் பின்வந்த துணைத் தூதர்களில் ஈயச் சுரங்க முதலாளி லியோங் ஃபீயும் ஒருவர். ஓடிப்போனவர்களிடம் பணம் இருப்பது தெரிந்ததும் அரசு அவர்களுக்கு அங்கி தைத்துக் கொடுத்துவிட்டது.

எனவே அந்த உடை அதிகாரம் வாங்குவதற்கு மட்டும் இல்லை. நான் வக்கீல் அலுவலகத்து ஆள், எனக்கு அது மன்னிப்புப் பத்திரம் மாதிரித் தெரிகிறது. தேர்வில் தேறியவரையும் பட்டம் உள்ளவரையும் மாவட்ட நீதிபதி சாதாரண ஆளைப் போல மண்டியிட வைத்து மூங்கிலால் அடிக்க முடியாது. ஊருக்குப் போனால் பணம் பறிக்க வருகிறவன் அந்தக் குமிழைப் பார்த்து ஒரு நிமிடம் யோசிப்பான். ஆண்ட்டியின் பேரனுக்கு இதைச் சொல்லுங்கள்.

பதில்: பட்டர்வொர்த் டீச்சர்

குமாஸ்தா ஐயா எழுதியதைப் படித்ததும் எனக்கு ஒன்று உறைத்தது. நாம் எல்லோரும் படத்தில் இருப்பவரே பட்டத்தை வாங்கினார் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். அப்படி இல்லாமலும் இருக்கலாம். சிங் முறையில் மகன் பட்டம் பெற்றால் அப்பா அம்மாவுக்கும் அந்தப் பெருமையைப் பெற்றுத்தர முடியும். உயர்ந்த படிநிலைகளில் தாத்தா, பூட்டன் வரைக்கும் மேலே போகும். இறந்தவருக்கும் உண்டு. இறந்த பிறகு, உயிரோடு இருந்தபோது போட்டே பார்க்காத உடையில் படம் வரைந்து வைப்பதும் வழக்கம். உடம்பை முன்கூட்டியே வரைந்து வைத்திருந்து, முகத்தை மட்டும் பிறகு எழுதிச் சேர்க்கும் பட்டறைகள் இருந்தன. கொழுக்கட்டைக் கையையும் சுருக்கம் நிறைந்த முகத்தையும் பற்றி நீங்கள் சொன்னது அதனால்தான் இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்கக் கல்லறைதான் வழி. பெரியவரைப் புதைத்த இடம் ஆண்ட்டிக்குத் தெரியுமா? செங் பெங் வருகிறது, குடும்பத்தோடு கல்லறையைச் சுத்தம் செய்யப் போவார்கள். கல்லின் மேலே "பேரரசு சிங்" என்று இரண்டு எழுத்து இருக்கும். அதற்குக் கீழே பட்டத்துக்கு முன்னால் வரும் சொல்லைப் பாருங்கள். ஐந்தாம் படிக்கும் அதற்கு மேலும் "காவ்" என்ற எழுத்தில் தொடங்கும். அடுத்து வருவது "ஷோ" என்றால் அவருக்கே கொடுத்தது. "ஃபெங்" என்றால் மகனால் உயிரோடு இருந்த அப்பாவுக்கு வந்தது. "ட்செங்" என்றால் இறந்த அப்பாவுக்கு. மூன்றையும் பெரிதாக எழுதிப் படமாக இணைத்திருக்கிறேன். அச்சடித்துக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

பதில்: லெபோ பசார் சட்டக்காரன்

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். செங் பெங் காலத்தில் எனக்கும் வேலை அதிகம்; வீட்டுப் படத்தைத் துடைக்க எடுத்துக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வருவார்கள்.

ஆண்ட்டி என்னையே அழைத்துப்போய்விட்டார். கல்லறை மவுண்ட் எர்ஸ்கின் சரிவில் இருக்கிறது. பேரனின் கார் தாழ்வானது, அந்தப் பாதையில் அடி தட்டும். என் வேன் போதும் என்று முடிவாகிவிட்டது. காலை ஆறரைக்கே மேலே புகை. பக்கத்துக் கல்லறையில் ஒரு குடும்பம் வறுத்த பன்றி, அன்னாசி, தண்ணீர்ப் புட்டிகள் எல்லாம் வைத்துவிட்டு நெருப்புக்குச்சி இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தது. என்னிடம் கற்பூரத்துக்காக எப்போதும் ஒரு பெட்டி இருக்கும், கொடுத்தேன்.

கல்லில் பச்சைப் பாசி. கடையில் பழைய சட்டத்தின் செதுக்கு வேலையைத் துலக்கும் தூரிகையைக் கொண்டுபோயிருந்தேன். மெதுவாகத் தேய்த்தேன். மேலே டீச்சர் சொன்ன இரண்டு எழுத்து. அதற்குக் கீழே "காவ்". அடுத்த எழுத்தில் நிறையக் கோடுகள். டீச்சரின் தாளில் இருந்த மூன்றில் அதிகக் கோடு உள்ளது எதுவோ அதேதான். பேரனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவனும் கைப்பேசியில் பார்த்துவிட்டுத் தலையாட்டினான். "ட்செங்."

ஆண்ட்டிக்கு விளக்கினேன். படத்தில் இருக்கும் பூட்டனார் பட்டம் வாங்கவில்லை. அவர் இறந்த பிறகு அவருடைய மகன், அதாவது ஆண்ட்டியின் தாத்தா, தனக்கு வாங்கி அப்பாவுக்கும் சேர்த்திருக்கிறார். ஆண்ட்டி கொஞ்ச நேரம் குடைக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், பக்கத்துக் கல்லறைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு. "அந்தக் கஞ்சனா?" என்றார். தாத்தா இறந்தபோது ஆண்ட்டிக்கு ஆறு வயது. நன்றாக இருட்டினால்தான் விளக்குப் போட விடுவாராம். கடையில் கிழிந்த அரிசிச் சாக்கைத் தைத்துத் தைத்து ஏழு முறை பயன்படுத்துவாராம். பேரப்பிள்ளைகளுக்குப் புத்தாண்டுச் சிவப்பு உறையில் ஒரு செப்புக்காசுதான் இருக்குமாம். "அவர் எங்கிருந்து இவ்வளவு பணம் எடுத்தார்?" என்று பேரனிடமே கேட்டார். அவனுக்கும் பதில் தெரியவில்லை. மலையிறங்கும்வரை அவன் பொய் என்ற சொல்லைச் சொல்லவில்லை, நானும் நினைவுபடுத்தவில்லை.

1920 செய்தித்தாளைப் பிரித்துப் போடாமல் அமிலமில்லாத தாளுக்கு நடுவே வைத்து மறுபடியும் பின்பக்கமே சேர்த்துவிட்டேன். கரையான் தின்ற கீழ் மூலையில் மட்டும் புதிய மரம். பழைய சட்டத்தின் நிறத்துக்கு ஈடாகச் சாயம் ஏற்ற மூன்று நாள் ஆனது.

நேற்று ஆண்ட்டி தனியாக வந்தார். கைப்பையிலிருந்து கடவுச்சீட்டு அளவில் ஒரு சிறிய படத்தை எடுத்து மேசையில் வைத்தார். தாத்தா. பின்னல் இல்லை, தலை ஒட்ட வெட்டியிருக்கிறது. மேல்நாட்டுக் கோட்டு, கழுத்துப் பட்டி கொஞ்சம் கோணல். வீட்டில் அவருக்கு இருப்பது இது ஒன்றுதானாம், பெட்டிக்குள்ளேயே கிடந்திருக்கிறது. பெரிதாக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், இதே அளவு, ஆனால் சட்டம் மட்டும் தாத்தாவின் அப்பாவுடையதைப் போலவே தடிமனாக, அதே கருநிறத்தில் வேண்டும் என்றார். உள்ளங்கை அளவுப் படத்துக்கு நான்கு விரல் அகலச் சட்டம். பார்க்க எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அளவெடுத்துவிட்டேன், இன்று மாலை மரம் அறுக்கிறேன்.